கடவுள் என்கிற சப்-காண்டிராக்டர்

இந்தியாவில் பாலம் கட்டுகிறவர்களில் அனுபவத்தில் மூத்தவர் யார் என்று கேட்டால், பங்குச் சந்தையில் இருக்கும் நாலைந்து பெரிய பெயர்களைச் சொல்வீர்கள். அவர்கள் எல்லாம் நேற்று முளைத்தவர்கள். மூத்தவர் கடவுள். டெண்டர் போடாமலே எல்லா சைட்டிலும் இருப்பவர். முன்வைப்புத் தொகை கட்டியதில்லை, ஜி.எஸ்.டி. எண் கிடையாது, பில் போட்டு யார் மேசையிலும் காத்துக் கிடந்ததில்லை. பூமி பூஜையன்று ஒரு தேங்காயும் நாலு எலுமிச்சம்பழமும் வைத்து அவருக்கு சப்-காண்டிராக்ட் கொடுத்துவிடுவார்கள். பாலம் நிற்கும்வரை அவர் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். கல்வெட்டில் அமைச்சர் பெயர் இருக்கும், அதற்குக் கீழே சட்டமன்ற உறுப்பினர் பெயர் இருக்கும், அதற்கும் கீழே பொடி எழுத்தில் தலைமைப் பொறியாளர் பெயர் இருக்கும். பாலம் விழட்டும், அத்தனை பெயரும் அழிந்து அவர் பெயர் மட்டும் மிஞ்சும்.

2016 மார்ச் 31. கொல்கத்தாவில் கட்டிக்கொண்டிருந்த விவேகானந்தா சாலை மேம்பாலம் நட்டநடு நகரத்தில், ஜனங்கள் தலையில் இறங்கியது. இருபத்தைந்து பேருக்கு மேல் செத்தார்கள். கட்டிய நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்: இது கடவுளின் செயல். அப்போது மேற்கு வங்கத்தில் தேர்தல் நேரம். பிரசாரத்துக்கு வந்த பிரதமர், இது கடவுளின் செயல் இல்லை, மோசடியின் செயல் என்று மேடையில் திருத்தினார். சரியான திருத்தம்தான். ஆறு வருடம் கழித்து, 2022 அக்டோபர் 30, குஜராத்தின் மோர்பியில் தொங்கு பாலம் அறுந்து 135 பேர் ஆற்றில் போனார்கள். பராமரிப்பை ஏற்றிருந்த நிறுவனத்தின் மேலாளர் நீதிமன்றத்தில் நின்று சொன்னார்: எல்லாம் கடவுளின் சித்தம். அந்தச் சம்பவத்தில் ஒரே ஒரு வேலைதான் குறித்த நேரத்துக்குள் முடிந்தது. பிரதமர் வருகிறார் என்றதும் அங்கிருந்த அரசு மருத்துவமனைக்கு இரவோடு இரவாக வெள்ளையடித்தார்கள்.

கொல்கத்தாவில் விழுந்தது இரும்பு, மோர்பியில் அறுந்தது தொங்கு கம்பி, நம் ஊர்களில் இப்போது ஊரையே மறைத்துக்கொண்டு எழும்புவது கான்கிரீட் செக்மென்ட். பொறியியல் மூன்றுக்கும் வேறு. இறையியல் ஒன்றுதான்.

செக்மென்ட் பாலம் எப்படி எழும்புகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். திட்டுவதற்கும் விவரம் வேண்டும்.

பழைய முறையில் தூணுக்குத் தூண் சாரம் கட்டி, பலகை அடித்து, கம்பி கட்டி, அங்கேயே கான்கிரீட் ஊற்றுவார்கள். இதில் அந்தக் கதை கிடையாது. ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் ஒரு காஸ்டிங் யார்டு. பாலத்தின் மேல்பகுதியைத் துண்டு துண்டாக அங்கே வார்க்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் உள்ளே கூடான ஒரு பெட்டி, இரு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி தளம். நாற்பது டன், ஐம்பது டன் என்பதெல்லாம் சாதாரணம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டாவது துண்டை வார்க்கும்போது முதல் துண்டின் முகத்தையே அச்சாக வைத்து வார்ப்பார்கள், மூன்றாவதுக்கு இரண்டாவது அச்சு. அதனால் ஒரு செக்மென்ட் அதன் பக்கத்துத் துண்டோடு மட்டும்தான் பொருந்தும், உலகத்தில் வேறு எதோடும் பொருந்தாது. நேர்ச்சாலையிலேயே இப்படி என்றால், நாலு திசைச் சாலைகள் ஒன்றின்மேல் ஒன்று சுழன்று ஏறும் இன்டர்சேஞ்ச் வளைவில் கேட்கவே வேண்டாம். வளைவு ஒரு பக்கம், சாய்வு ஒரு பக்கம், ஏற்றம் ஒரு பக்கம், ஒவ்வொரு துண்டுக்கும் மில்லிமீட்டர் கணக்கில் தனித்தனி ஜாதகம். 1962-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் சுவாசி-லெ-ருவா என்ற இடத்தில் சேன் நதிக்குக் குறுக்கே ழான் முல்லர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இந்த முறையில் ஒரு பாலத்தைக் கட்டிக் காட்டினார். உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

வார்த்த துண்டின் நெற்றியில் எண் எழுதுவார்கள். எந்த ஸ்பேன், அதாவது எந்த இரண்டு தூணுக்கு நடுவில், அதில் எத்தனையாவது இடம், என்றைக்கு வார்த்தது. அதே கான்கிரீட்டில் க்யூப் எடுத்து வைத்து ஏழாவது நாளும் இருபத்தெட்டாவது நாளும் நசுக்கிப் பார்த்துக் குறிப்பார்கள். ராத்திரியில் ட்ரெய்லரில் ஏற்றி சைட்டுக்கு வரும். தூணுக்குத் தூண் நீண்டு கிடக்கும் லாஞ்சர் என்ற தூக்கு இயந்திரம் அதைத் தூக்கித் தொங்கவிடும். ஒரு ஸ்பேனுக்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் அந்தரத்தில் வரிசையாகத் தொங்க, முகத்துக்கு முகம் எபாக்சி பசை பூசி ஒட்டுவார்கள். பிறகு பூச்சரம் கோர்ப்பதுபோல எல்லாத் துண்டுகளுக்கும் ஊடாக உயர்வலிமைக் கம்பிகளை நுழைத்து, முனையில் ஜாக்கி வைத்து இழுத்து இறுக்குவார்கள். எத்தனை டன் இழுத்தோம், கம்பி எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்பதற்கு ஒரு ரிஜிஸ்டர். கணக்கைவிடக் குறைந்தால் கேள்வி, கூடினாலும் கேள்வி. கம்பி ஓடும் குழாய்க்குள் சிமென்ட் பால் அடைத்து, காற்றும் ஈரமும் புகாமல் மூடவேண்டும். கம்பியை இறுக்கி முடிந்ததும் பாரம் லாஞ்சரிலிருந்து பாலத்துக்கு இறங்கும், லாஞ்சர் அடுத்த தூணுக்குத் தானே ஊர்ந்து போகும்.

எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் மரியாதை உண்டு. இவ்வளவு பொறுப்பாக ஒரு பாலத்தைக் கட்ட முடியும் என்பதே மனிதனுக்குப் பெருமை. ஒவ்வொரு துண்டுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வரை எழுதி வைத்திருக்கிறோம். நாளைக்கு ஒரு விரிசல் வந்தால், எந்த யார்டில் எந்தத் தேதியில் வார்த்த துண்டு என்று ஏட்டைப் புரட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் துண்டு ஒரு ஆள்மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஏடு மட்டும் எங்கேயும் இருக்காது. கான்கிரீட்டுக்கு எண் இருக்கிறது, குற்றத்துக்கு இல்லை.

இந்த முறைக்கு ஒரு விளம்பரம் உண்டு: மேலே பாலம் எழும்பும், கீழே போக்குவரத்து தடையில்லாமல் ஓடும். உண்மைதான். 2025 ஜூன் 12 இரவு சென்னை ராமாபுரத்தில் மெட்ரோ பாதைக்காக ஏற்றிவைத்திருந்த கர்டர்கள் கீழே விழுந்தபோதும் போக்குவரத்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. பைக்கில் போன ஒருவர் செத்தார். நெரிசலில் காத்து நின்று காலத்தை வீணாக்கக் கூடாது என்று நம்மை அவசரமாக அனுப்பி வைப்பதற்கு இந்த அளவு ஏற்பாடு.

மதுரைக்கு வருவோம். தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம்வரை நத்தம் சாலையின் தலைக்குமேல் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம். 2021 ஆகஸ்ட் 28 மாலை, நாராயணபுரம் பக்கம், தூண்மேல் இருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு பகுதி அப்படியே கீழே வந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவர் செத்தார். நம் காவல்துறை வரலாற்றில் இவ்வளவு வேகமாகக் குற்றவாளி அகப்பட்டதில்லை. அன்றைக்கே பெயர் தெரிந்துவிட்டது: ஹைட்ராலிக் ஜாக்கி. ஜாக்கி கைவிட்டது, பாலம் விழுந்தது, முடிந்தது கதை. ஜாக்கி வக்கீல் வைக்காது, முன்ஜாமீன் கேட்காது, எனக்கு மேலிடத்து உத்தரவு என்று வாக்குமூலம் கொடுக்காது. அந்த ஜாக்கியை யார் சோதித்து அனுப்பியது, எந்தத் தேதியில், அது கைவிட்டால் தாங்க மாற்று முட்டு என்ன இருந்தது, அத்தனை டன்னை அசைக்கும் வேளையில் மேலே எத்தனை பொறியாளர் நின்றார்கள்? இவற்றை ஜாக்கியிடம் கேட்க முடியாது. கேட்கக்கூடியவர்களிடம் கேட்டால் விசாரணை நடக்கிறது என்பார்கள். விசாரணை என்பது நம் நாட்டில் கோபத்தை க்யூரிங் செய்யும் முறை. ஈரச் சாக்கைப் போர்த்தி இருபத்தெட்டு நாள் விட்டால் இறுகிவிடும், பிறகு யார் தட்டினாலும் சத்தம் வராது.

2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் அந்தப் பாலத்தைத் திறந்துவைத்தார். மதுரைக்கு வரவில்லை. சென்னை பல்லாவரத்தில் மேடையிலிருந்தபடியே திறந்தார். செத்தவன்தான் மேலே ஏறி நிற்கவேண்டியிருந்தது. திறப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதே 2023-இல், ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும் நள்ளிரவில், மகாராஷ்டிரத்தின் சம்ருத்தி விரைவுச்சாலைப் பணியில் தானே மாவட்டம் சாஹாபூர் பக்கம் லாஞ்சர் கர்டரோடு சேர்ந்து சரிந்தது. 20 பேர். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சம்ருத்தி என்றால் செழிப்பு. முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தது துணை ஒப்பந்தக்காரர்களுக்கு. அரசாங்கம் ஒரு கழகத்திடம் கொடுக்கும், கழகம் ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுக்கும், அது செக்மென்ட் ஏற்றும் வேலையை மட்டும் பிரித்து இன்னொருவரிடம் கொடுக்கும், அவர் ஆள் பிடிக்க ஒரு லேபர் காண்டிராக்டரிடம் கொடுப்பார், அவர் ஜார்க்கண்டிலோ பீகாரிலோ ஒரு கிராமத்து மேஸ்திரிக்கு போன் போடுவார். மேலிருந்து கீழே இறங்க இறங்க ஒவ்வொரு படியிலும் லாபம் அங்கேயே தங்கும், ஆபத்து மட்டும் அடுத்த படிக்கு இறங்கும். கடைசிப் படியில் நிற்பவனுக்குக் கீழே யாரும் இல்லை, பூமிதான்.

சைட் வாசலில் பலகை வைத்திருப்பார்கள்: ‘சேஃப்டி ஃபர்ஸ்ட்’. ஆங்கிலத்தில். வேலை செய்பவன் பேசுவது போஜ்புரி, மேற்பார்வையாளர் திட்டுவது தமிழில், லாஞ்சரோடு வந்த கையேடு வேறு ஏதோ மொழியில். விபத்து நடந்தால் வரும் முதல் கேள்வியைக் கவனித்திருக்கிறீர்களா? ஹெல்மெட் போட்டிருந்தானா? ஐம்பது டன் செக்மென்ட் ஒருவன்மேல் விழும்போது மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி அவனை எப்படிக் காப்பாற்றும் என்று கேட்க ஆளில்லை. போட்டிருந்தான் என்றால் எல்லா விதிகளும் பின்பற்றப்பட்டன என்று அறிக்கை வரும். போடவில்லை என்றால் அவன் கவனக்குறைவு. தொப்பியின் உண்மையான வேலை எனக்குப் புரிந்துவிட்டது. அது தலையைக் காக்க வந்ததே இல்லை, கோப்பைக் காக்க வந்தது.

கட்டும்போது விழுவதாவது கண்ணுக்குத் தெரியும். கட்டி முடித்த பிறகு உள்ளுக்குள் அரிப்பது தெரியாது. பெங்களூரு பீன்யா மேம்பாலத்தைப் பாருங்கள். தும்கூர் சாலையில், கர்நாடகத்தின் பாதி ஊர்களுக்குப் போகும் லாரியும் பஸ்ஸும் நுழையும் வாசலில், நாலு கிலோமீட்டர் சொச்சம் நீளம். 2010-இல் திறந்தார்கள். பாலத்துக்கு நூறு வருட ஆயுள் என்று கணக்குப் போடுவது பொறியியல் வழக்கம். 2021 டிசம்பர் 25 அன்று மூடினார்கள். 102-ஆம் தூணுக்கும் 103-ஆம் தூணுக்கும் நடுவே, பெட்டிக்குள் துண்டுகளை இறுக்கிப் பிடித்திருந்த கேபிள்கள் துருப்பிடித்துக் கெட்டிருந்தன. பதினோரு வயதில் பல் விழுந்தால் புதுப்பல் முளைக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, முதலில் ஏதோ ஒருவார வேலைபோலத்தான் பேசினார்கள். பிப்ரவரியில் கார்களை மட்டும் விட்டார்கள். இந்திய அறிவியல் கழகத்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு ஸ்பேனோடு தீராது, 120 ஸ்பேன்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றவேண்டும் என்றானது. லாரியும் பஸ்ஸும் மறுபடி ஏறியது 2024 ஜூலைக் கடைசியில். அதுவும் வாரத்தில் ஒருநாள் தவிர. அந்த ஒருநாள் பாலத்துக்கு ஓய்வு. அதைக் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு வார விடுமுறை இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

துரு ஒரே இரவில் வருவதில்லை. குழாய்க்குள் சிமென்ட் பால் சரியாக அடையாமல் காற்றறை நிற்கும், எங்கோ ஈரம் புகும், கம்பி இழை இழையாக அறும். வெளியிலிருந்து பார்த்தால் பாலம் புதுசாகத்தான் தெரியும். அடைக்கும்போதே சரியாக அடைக்கவேண்டிய வேலை அது, வருடா வருடம் பெட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டு தவழ்ந்து பார்க்கவேண்டிய வேலை. அங்கேதான் சிக்கல். அந்த இருட்டுப் பெட்டிக்குள் மேடை போட முடியாது, பொன்னாடை போர்த்த முடியாது, ட்ரோன் விட்டுப் படம் எடுக்க முடியாது. பாலத்துக்கு மேலே வண்ண விளக்குப் போட நிதி இருக்கிறது, தூணில் செங்குத்துத் தோட்டம் வைக்க நிதி இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

இந்த நோய் யாருக்கும் தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம். வேல்ஸ் நாட்டில் இனிஸ்-அ-குவாஸ் என்று ஒரு சின்னப் பாலம், 1953-இல் கட்டியது, செக்மென்ட்களைக் கம்பியால் இறுக்கியது. 1985 டிசம்பர் 4 அன்று முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் தானாக விழுந்தது. மூட்டு வழியாகப் புகுந்த ஈரமும் உப்பும் கம்பியைத் தின்றிருந்தன. யாரும் சாகவில்லை. யாரும் சாகாத ஒரு குட்டிப் பாலத்துக்காக பிரிட்டன் என்ன பாடு பட்டது தெரியுமா? 1992-இல், கம்பிக்குழாயில் சிமென்ட் அடைக்கும் இந்த வகைப் புதுப் பாலங்களுக்கே தடை போட்டார்கள். விதிகளைத் திருத்தி எழுதிய பிறகுதான் திரும்ப அனுமதித்தார்கள். பாவம், வெள்ளைக்காரர்களுக்கு அனுபவம் போதாது. ஒரு தேங்காயில் முடிகிற விஷயம்.

எல்லாப் பழியையும் கட்டுகிறவர்கள்மேல் போட்டால் கட்டாதவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு ஒரு பறக்கும் சாலை. 2009-இல் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தில் தூண்கள் எழும்பின. 2012-இல், தூண்கள் ஆற்றின் ஓட்டத்தை மறிக்கின்றன என்று மாநில அரசு நிறுத்தியது. கூவத்தில் சாக்கடை கலந்தபோது மறிக்காத கை, தூணை மட்டும் மறித்தது. ஆட்சி மாறியது, வழக்கு நடந்தது, தூண்கள் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு பத்து வருடம் நின்றன. காக்கைகளுக்கு அவ்வளவு விலையுயர்ந்த இருக்கை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2022 மே 26 அன்று, ஈரடுக்காக மாற்றிய அதே திட்டத்துக்குப் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். ஒரே சாலைக்கு இரண்டு பிரதமர்கள், இரண்டு அடிக்கல். யோசித்துப் பார்த்தால், விபத்தே இல்லாமல், காலதாமதம் இல்லாமல், செலவு கூடாமல் இந்த நாட்டில் பொருத்தப்படுகிற ஒரே ப்ரீகாஸ்ட் உறுப்பு அடிக்கல்தான்.

நான் ஒரு யோசனை சொல்கிறேன். ஒப்பந்தத்தோடு அளவுப் பட்டியல் ஒன்று வரும். அதில் தோண்டும் மண் முதல் கைப்பிடிச் சுவர்வரை ஒவ்வொன்றுக்கும் உருப்படி எண், அலகு, விலை இருக்கும். அதில் இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உருப்படி: உயிர். அலகு: ஒன்று. எண்ணிக்கை: தேவைக்கேற்ப. விலை யாரும் புதிதாகக் கணக்கிடவேண்டாம், ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மோர்பியில் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் ரூபாய். மறுவருடம் சாஹாபூரில் செத்தவர்கள் குடும்பத்துக்கும் அதே 2 லட்சம். மாநில அரசுகள் தங்கள் பங்குக்குச் சில லட்சம் சேர்க்கும். பட்டியலில் வந்துவிட்டால் அறிவிப்பு, இரங்கல், காசோலையோடு புகைப்படம் என்ற அலைச்சல் இல்லாமல் மாத பில்லிலேயே பாஸ் ஆகிவிடும்.

ஒரே ஒரு திருத்தம் கேட்பேன். பெரிய நெடுஞ்சாலை ஒப்பந்தங்களில் விலை உயர்வுப் பிரிவு என்று ஒன்று உண்டு. வேலை நடக்கும் காலத்தில் சிமென்ட் விலை ஏறினால் ஏறிய விகிதத்தில் கூடுதல் பணம், இரும்பு ஏறினால் அதற்கு, தார் ஏறினால் அதற்கு, டீசல் ஏறினால் அதற்கு, எல்லாம் குறியீட்டெண் பார்த்துத் தசம புள்ளிவரை கணக்கிட்டுக் கொடுப்பார்கள். இந்தப் புது உருப்படியையும் அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும். நிதித்துறை ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். சிமென்ட்டுக்குத் தட்டுப்பாடு வருகிற நாடு இது. இந்த உருப்படிக்கு வந்ததில்லை.